வேகம் போதும், பாடபேதம் எங்கே?

நாங்குநேரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வானமாமலைப் பெருமாள் கோயிலும், எண்ணெய்க் காப்பு சேரும் அந்தக் கிணறும், ஊருக்குள் வராமல் நாலுவழிச் சாலையிலேயே பறந்துவிடும் நாகர்கோவில் பஸ்களும்தான். அதே ஊரில் பிறந்து, அதே பெருமாளின் பெயரைச் சுமந்த நா. வானமாமலையைப் (1917–1980) பற்றி நாட்டார் வழக்காற்றியல் படிக்கிறவர்களைத் தவிர மற்றவர்கள் இப்போது அதிகம் பேசுவதில்லை. பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்தியவர். 1969-ல் 'ஆராய்ச்சி' என்ற இதழைத் தொடங்கியவர். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று பிடிவாதமாக நின்றவர். இத்தனைக்கும் நடுவே ஊர் ஊராகக் கிடந்த கதைப்பாடல்களைத் தேடி எடுத்துப் பதிப்பித்தவர்.

கதைப்பாடலைப் பதிப்பிப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஒரே கதை ஊருக்கு ஒரு விதமாக இருக்கும். வில்லுப்பாட்டுக்காரர் பாடுவது ஒன்று, ஏட்டில் இருப்பது ஒன்று, அச்சில் வந்த மலிவுப் பதிப்பு இன்னொன்று. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனான முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் பெண்கள் இருவரையும் மணந்து, அவர்கள் அப்பாவின் மாடுகளைக் காக்கப் போய் உயிரை விட்டவன். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் காரையாறு பக்கம், சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் இன்றைக்கும் அவனுக்கு வழிபாடு நடக்கிறது. காணிக்கையாகச் செருப்பு கட்டுகிறார்கள். கதையின் சில வடிவங்களில் மட்டும் ஒரு சேர்க்கை இருக்கிறது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள்தான், காட்டில் விடப்பட்டவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று. இது பின்னால் ஏற்றப்பட்டது, சாதி மீறிய கல்யாணத்தைப் பொறுக்க முடியாதவர்கள் செய்த வேலை என்பது நா.வா.வின் வாதம். அப்படி வாதிட அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் கையில் இருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வடிவத்தை மட்டுமே "சரியான பாடம்" என்று வைத்துக்கொண்டு, அதோடு ஒத்துப்போகாத வரிகளையெல்லாம் பாடினவர் தப்பாகப் பாடிவிட்டார் என்று தள்ளியிருந்தால் கதையே வேறு.

சரி, இதற்கும் டி.என்.ஏ.வுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. மனித ஜீனோம்களைப் படிக்கும் வேலையில், உலகம் முழுக்க இப்போதும் பெரும்பாலும் நடப்பது இந்த "ஒரே ஒரு சரியான பாடம்" வேலைதான்.

மனித ஜீனோம் என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட சுமார் 300 கோடி எழுத்துள்ள புத்தகம். (அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி.) இந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படிக்கும் மெஷின் இல்லை. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் சீக்வென்சர்கள் செய்வது வேறு. பல பிரதிகளை எடுத்துக் கண்டபடி கிழித்து, ஒவ்வொரு கிழிசலிலும் 150 எழுத்தைப் படித்துக் கொடுத்துவிடும். இந்தக் குட்டித் துண்டுக்கு 'ரீட்' என்று பெயர். எந்த இடமும் விட்டுப் போகக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக 30 தடவை படிக்கப்படும்படி பார்த்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டால், ஒரு ஆளுக்கு 60 கோடி ரீட்.

இந்த 60 கோடித் துண்டுகளை எங்கே எது வரும் என்று வரிசையில் வைக்க வேண்டும். அதற்குக் கையில் ஏற்கெனவே ஒரு பதிப்பு இருக்கிறது. அதுதான் 'ரெஃபரன்ஸ் ஜீனோம்'. ஒவ்வொரு துண்டையும் எடுத்து, இது ரெஃபரன்ஸில் எந்தப் பக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து ஒட்டுவது அலைனர் என்கிற மென்பொருளின் வேலை. ஒட்டிய பிறகு, ரெஃபரன்ஸில் 'ஏ' இருக்கும் இடத்தில் இந்த ஆளிடம் 'ஜி' இருக்கிறது என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் நோய் ஆராய்ச்சி, மருந்து, வம்சாவளி எல்லாமே.

முதலில் இதில் பெரிய தலைவலி வேகம்தான். இரண்டு எழுத்து வரிசைகளை இடைவெளி, பிழை எல்லாவற்றையும் அனுமதித்து ஒப்பிடும் முறையை ஸ்மித்தும் வாட்டர்மேனும் 1981-லேயே கொடுத்துவிட்டார்கள். ஆனால் 60 கோடித் துண்டுகளையும் 300 கோடி எழுத்தோடு அப்படி ஒப்பிட்டால் பேரன் காலத்தில்தான் ரிசல்ட் வரும். வழி திறந்தது அகராதி போடுவதில். பழைய பதிப்புகளின் கடைசியில் 'பாட்டு முதற்குறிப்பு அகராதி' என்று ஒன்று இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் முதல் சொல் தெரிந்தால் போதும், பக்கம் கிடைத்துவிடும். இப்போது முதல் சொல்லிலிருந்து மட்டுமில்லாமல், புத்தகத்தின் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ஆரம்பிக்கிற ஒரு முதற்குறிப்பு அகராதி இருந்தால்? 300 கோடி பதிவு. அவ்வளவையும் சுருக்கி ஒரு சாதாரண கம்ப்யூட்டரில் அடக்கும் வித்தை 1994-ல் பரோஸும் வீலரும் வெளியிட்ட ஒரு உருமாற்றத்திலிருந்தும், 2000-ல் ஃபெராஜினாவும் மான்சினியும் அதன்மேல் கட்டிய அட்டவணையிலிருந்தும் வந்தது. (ஃபைல் சுருக்கும் 'பிசிப்2' மென்பொருளின் உள்ளே இருப்பதும் அதே உருமாற்றம்தான். ஒரு துறையின் வித்தை இன்னொரு துறையில் இப்படி மறுபிறவி எடுப்பது கம்ப்யூட்டர் சயன்ஸில் அடிக்கடி நடக்கிற அழகு.)

2009-ல் இதை வைத்து 'பௌடை', 'பி.டபிள்யூ.ஏ' இரண்டும் வந்தன. பௌடை 1.3 ஜிபி நினைவகத்தில், ஒரு பிராசசர் ஒரு மணி நேரத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட ரீடுகளை ஒட்டியது. ஹெங் லீயும் ரிச்சர்ட் டர்பினும் எழுதிய பி.டபிள்யூ.ஏ.வின் அடுத்த வடிவமான 'பி.டபிள்யூ.ஏ-மெம்' 2013-ல் வந்தது. அதற்குப் பிறகு உலகத்தில் பாதி ஆய்வகங்களின் அன்றாடச் சாம்பார் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

இந்தக் கதையில் இந்தியாவுக்கு ஒரு நல்ல பங்கு உண்டு. 2019-ல் வெளிவந்த 'பி.டபிள்யூ.ஏ-மெம்2'-ன் முக்கியமான வேலை பெங்களூரு இன்டெல் ஆய்வகத்தில் நடந்தது. வாசிமுத்தீன் முகமது, சஞ்சித் மிஸ்ரா, கூடவே ஹெங் லீ, அமெரிக்காவிலிருந்து ஸ்ரீநிவாஸ் ஆளுரு. பிராசசரின் கேஷ் எப்படி வேலை செய்கிறது, ஒரே கட்டளையில் எத்தனை ஒப்பீடு செய்யலாம் என்றெல்லாம் குடைந்து, பழைய நிரலை 1.3 முதல் 3.1 மடங்கு வரை வேகமாக்கினார்கள். நினைவகம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். இதில் அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒரு விஷயம், பழைய மென்பொருள் என்ன விடை கொடுக்குமோ அச்சு அசலாக அதே விடையைப் புதியதும் கொடுக்கும் என்பது.

அது பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், கிண்டல் இல்லை. ஆஸ்பத்திரி ஆய்வகங்கள் ஒரு மென்பொருளைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள மாதக்கணக்கில் மெனக்கெடுகின்றன. விடை மாறாமல் வேகம் மட்டும் கூடினால் யாரும் எதையும் திரும்பச் சரிபார்க்க வேண்டாம். ஆனால் விடை மாறாது என்றால், பழைய மென்பொருள் எந்த இடத்தில் தப்பு செய்ததோ அதே இடத்தில் புதியதும் தப்பு செய்யும், மூன்று மடங்கு வேகமாக. இன்றைக்கு உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. ஆனால் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் பிராஜெக்ட் செய்யக் கிளம்பும் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் வேகத்தின் பின்னாலேயே ஓடுகிறார்கள்.

தப்பு எங்கே என்று ஒரு சொந்த ஊர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

11-வது குரோமோசோமில், இதயத் தசையில் இருக்கும் ஒரு புரதத்துக்கான எம்.ஒய்.பி.பி.சி3 என்ற ஜீன் இருக்கிறது. அதில் 25 எழுத்துகள் காணாமல் போன ஒரு வடிவம் தெற்காசியர்களிடம் உண்டு. இந்தியர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இது இருக்கிறது என்றும், இதயத் தசை நோயோடு இதற்குத் தொடர்பு உண்டு என்றும் 2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. முதல் பெயர் தண்டபாணி. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யும் சம்பந்தப்பட்ட வேலை. (நா.வா.வின் முத்துப்பட்டன் கதையை வெளியிட்டதும் அதே மதுரைப் பல்கலைக்கழகம்தான்!) ஆபத்து எவ்வளவு என்பது பற்றிப் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் நுணுக்கமாகப் பேசுகின்றன. இந்த 25 எழுத்து இழப்போடு சேர்ந்து பக்கத்திலேயே இன்னொரு மாற்றமும் இருப்பவர்களுக்குத்தான் தொந்தரவு அதிகம் என்கிறது 2018-ல் வந்த ஒரு ஆய்வு. அது எப்படியானாலும், நூற்றுக்கு நாலு பேர் என்பது இந்தியக் கணக்கில் கோடிகளில் போகும்.

ரெஃபரன்ஸில் இந்த 25 எழுத்தும் இருக்கிறது. இழந்தவர் ஒருவரின் ரீட் அந்த இடத்தில் என்ன ஆகும்? 2008 வாக்கில் ரீட் 36 எழுத்துதான். நடுவில் ஒட்டு விழுந்தால் இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 18. முதல் பௌடை இடைவெளியே அனுமதிக்காது. இடப் பக்கம் 18 எழுத்தும் பொருந்தும், வலப் பக்கத்தில் முக்கால்வாசி பொருந்தாது. அப்படியே தூக்கிப் போட்டுவிடும். 2009-ல் மதுரைக்காரர்களின் கட்டுரை வந்த அதே வருஷத்தில், அந்த எழுத்திழப்பைப் பார்க்கவே முடியாத ஒரு மென்பொருள் உலகமெங்கும் பிரபலமானது என்பது ஒரு வேடிக்கை.

இப்போது 150 எழுத்து. பி.டபிள்யூ.ஏ-மெம் இடைவெளியை அனுமதிக்கும். ஆனால் சும்மா அனுமதிக்காது, அபராதம் போடும். ஒரு எழுத்து பொருந்தினால் 1 மார்க். இடைவெளி திறக்க 6 மார்க் அபராதம், இடைவெளியின் ஒவ்வொரு எழுத்துக்கும் இன்னொரு 1 மார்க். ஆக 25 எழுத்து இழப்புக்கு 31 மார்க் போய்விடும். வேறொரு வழியும் அதற்கு இருக்கிறது. பொருந்தாத வாலை மடித்து வைத்துவிடலாம், அதற்கு அபராதம் வெறும் 5. இப்போது கணக்குப் பாருங்கள். ஒட்டு விழுந்த இடத்திலிருந்து அந்தப் பக்கம் 26 எழுத்துக்கு மேல் இருந்தால்தான் இடைவெளி போடுவது லாபம். அதற்குக் குறைந்தால் மென்பொருள் வாலை மடித்துவிடும். 150 எழுத்து ரீடில் இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 52 இடங்களில் இப்படி ஆகும். அதாவது, 25 எழுத்தை இழந்த பிரதியிலிருந்து வரும் சாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு வாயைத் திறக்காமலே போய்விடும். 100 எழுத்து ரீடு என்றால் பாதிப் பேர். எழுத்து இழக்காத பிரதியிலிருந்து வரும் ரீடுகளுக்கோ ஒரு கஷ்டமும் இல்லை, முழுசாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பிரதியில் இழப்பு இருந்து இன்னொன்றில் இல்லாதவருக்கு, 15-க்கு 15 என்று சமமாக வர வேண்டிய சாட்சி 15-க்கு 10 என்று வரும். இதைத்தான் ரெஃபரன்ஸ் சாய்வு என்கிறார்கள். பிறகு வரும் மென்பொருள்கள் அந்த இடத்தை உடைத்து மறுபடி கட்டிப் பார்த்து இதை ஓரளவு சரிசெய்கின்றன. நல்ல ரீடுகள் இருந்தால் 25 எழுத்து இழப்பு இப்போது தப்பிப் போவது அபூர்வம். ஆனால் இது பெயர் தெரிந்த இழப்பு. பெரிய செருகல்கள், ரெஃபரன்ஸில் இல்லவே இல்லாத எழுத்துகள், திரும்பத் திரும்ப வரும் பகுதிகள்? அந்த ரீடுகள் ஒட்ட இடமில்லாமல் 'பொருந்தாதவை' என்ற மூலைக்குப் போகும். அந்த மூலையைப் பெரும்பாலும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அந்த ரெஃபரன்ஸ் யாருடையது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1997-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். பெயர் சொல்லாமல் ரத்தம் கொடுத்தவர்களில் ஒரே ஒருவருடைய டி.என்.ஏ.தான் கடைசியில் ரெஃபரன்ஸில் சுமார் 70 சதவீதம் இடத்தைப் பிடித்தது. தனி ஆளாகப் பார்த்தால் அந்த மனிதர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் உலகத்தில் யாருடைய ஜீனோமையும் இந்த ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டால் 41 முதல் 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் வரும் என்று 2015-ல் முடிந்த '1000 ஜீனோம்' திட்டம் காட்டியது. அந்தத் திட்டத்தில் தமிழர்களும் உண்டு. நூறு பேர் அளவில், பிரிட்டனில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள். தமிழ்நாட்டில் வந்து எடுக்கவில்லை. தமிழ் ஜீனோம் முதன்முதலில் பெரிய அளவில் பொதுவெளிக்கு வந்தது லண்டன் வழியாகத்தான் என்பதை வைகோ காதில் போடலாம்.

இந்தியாவில் அதற்குப் பிறகு நடந்தவை சின்ன விஷயம் இல்லை. 2019-ல் சி.எஸ்.ஐ.ஆர். 'இண்டிஜென்' திட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேரின் ஜீனோமைப் படித்தார்கள். கிடைத்த ஐந்தரைக் கோடி மாற்றங்களில் சுமார் 32 சதவீதம் அதுவரை உலகப் பட்டியல்களில் இல்லாதவை. 2020-ல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' 20 நிறுவனங்கள் சேர்ந்து பத்தாயிரம் பேரை எடுத்தது. 2025 ஜனவரியில் தரவுகளை ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியாக ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இப்போது மாற்றங்களின் எண்ணிக்கை 18 கோடி அளவில். ஆனால் மாற்றம் என்பதே எதிலிருந்து மாற்றம் என்பதைப் பொறுத்தது. பஃபலோ பதிப்போடு ஒட்டிப் பார்த்து எடுத்த பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், ஒட்டாமல் போனவை அதில் இருக்காது.

ஆகவே என்ன செய்வது? இரண்டு வழிகள் பேசப்படுகின்றன.

ஒன்று, நாட்டுக்கு ஒரு ரெஃபரன்ஸ். கொரியா 2016-லும் ஜப்பான் 2021-லும் தங்களுக்கென்று தரமான ஜீனோம்களைக் கட்டின. இந்தியாவுக்கும் ஒன்று கட்டுவோம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த கேள்வி உடனே வரும், இந்தியாவில் யாருடையது? 'ஜீனோம் இந்தியா' 99 சமூகங்களில் மாதிரி எடுத்திருக்கிறது. மருத்துவத்துக்கு அப்படிப் பிரித்து எடுத்ததில் நியாயம் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் சில அபூர்வ நோய்கள் சில சமூகங்களில் தேங்கி நிற்கின்றன. 2017-ல் தங்கராஜும் மற்றவர்களும் 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களைப் பார்த்து, அவற்றில் 81 குழுக்களில் இந்தத் தேக்கம் ஃபின்லாந்துக்காரர்களைவிடவும் அஷ்கெநாசி யூதர்களைவிடவும் அதிகம் என்று காட்டினார்கள். அப்படியானால் சமூகத்துக்கு ஒரு ரெஃபரன்ஸ் என்று ஒரு புத்திசாலி ஆரம்பிப்பார். அதாவது சாதிக்கு ஒரு ஜீனோம்.

இது கற்பனை பயம் இல்லை. 2023 ஆகஸ்டில் இதே நாங்குநேரியில், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பட்டியல் சாதிப் பையனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் அரசு நீதிபதி சந்துரு கமிட்டியை அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதி பார்க்கிற ஊரில், "எங்கள் ரெஃபரன்ஸ் ஜீனோம்" என்று ஒரு ஃபைல் கிடைத்தால் அது என்னவெல்லாம் ஆகும் என்று கற்பனை செய்ய அதிக மூளை வேண்டாம். ஆய்வகத்துக்காரர்கள், அது எங்கள் பொறுப்பு இல்லை, நாங்கள் சாஃப்ட்வேர் எழுதுகிறோம் என்பார்கள். ஒரு கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதும் சாஃப்ட்வேர்தான்.

நல்ல வேளையாக, சாதிக்கு ஒரு ரெஃபரன்ஸ் என்பது அறிவியலாகவும் மட்டமான யோசனை. 2013-ல் வந்த ஒரு ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ எல்லாக் குழுக்களும் இன்றைக்கு 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன, அகமணம் இறுகியது அதற்குப் பிறகு என்று கணித்தது. ஆகவே அடிக்கடி தென்படும் மாற்றங்களில் பெரும்பகுதி எல்லோருக்கும் பொது. அந்த 25 எழுத்து இழப்பையே பாருங்கள், அது ஒரு சாதியின் சொத்து இல்லை. இந்தியாவின் பல மூலைகளில், பல சமூகங்களில் இருக்கிறது. ஒருவருடைய ஜீனோமின் ஒரு பக்கம் இந்தப் பிரதியோடு ஒத்துப்போகும், அடுத்த பக்கம் வேறெங்கோ இருப்பவரின் பிரதியோடு ஒத்துப்போகும். சமூகத்துக்கு ஒரு புத்தகம் போட்டால் 99 இடத்தில் அதே சாய்வு மறுபடி உட்காரும்.

இரண்டாவது வழி, பாடபேதங்களை ஒரே பதிப்புக்குள் கொண்டுவருவது. இதற்குப் பான்ஜீனோம் என்று பெயர். நேர்கோட்டுப் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு கிராஃப். எல்லோருக்கும் பொதுவான இடத்தில் ஒரே பாதை, வித்தியாசம் வரும் இடத்தில் பாதை இரண்டாக, மூன்றாகப் பிரிந்து மறுபடி சேரும். 11-வது குரோமோசோமில் 25 எழுத்து உள்ள பாதையும் இருக்கும், இல்லாத பாதையும் இருக்கும். எழுத்தை இழந்தவரின் ரீட் இரண்டாவது பாதையில் 150-க்கு 150 மார்க் வாங்கும். அபராதம் கிடையாது, வால் மடிப்பும் கிடையாது. யாருடைய பாதை மூலம், யாருடையது பேதம் என்ற கேள்வியே எழாது. எந்தப் பாதைக்கும் சாதிப் பெயர் தேவையில்லை.

இது வெறும் ஆசை இல்லை. 47 பேரின் ஜீனோம்களை வைத்து முதல் மனிதப் பான்ஜீனோம் 2023 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்தது. பழைய ரெஃபரன்ஸில் இல்லாத 11.9 கோடி எழுத்துகள் அதில் சேர்ந்தன. குட்டி ரீடுகளை இப்படிப்பட்ட கிராஃபில் ஒட்டும் 'ஜிராஃப்' என்ற மென்பொருள் 2021-லேயே வந்துவிட்டது. வேகத்திலும் பழைய ஆட்களோடு போட்டி போடுகிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் சிராக் ஜெயின் குழு, கிராஃபில் வரிசைகளை ஒட்டும் கணக்குகளில் நல்ல வேலை செய்திருக்கிறது. 'மினிசெயின்' அவர்களுடையது. அது முக்கியமாக நீண்ட ரீடுகளுக்கு. திறமைக்கு இங்கே பஞ்சம் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கஷ்டங்களும் உண்டு. கிடைத்த எல்லா பேதத்தையும் கிராஃபில் திணித்தால் ஒரு ரீட் பத்து இடத்தில் பொருந்தித் தொலைக்கும். வேகமும் போகும், துல்லியமும் போகும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதே தனி ஆராய்ச்சி. (எல்லா ஏட்டுப் பிழைகளையும் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் போட்டு வாசகரைக் கொல்லும் பதிப்பாசிரியர்கள் தமிழிலும் உண்டு.) ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள் எல்லாம் பழைய நேர்கோட்டு எண்களில் இருக்கின்றன, கிராஃபில் கிடைத்த விடையைத் திரும்ப அந்த எண்ணுக்கு மொழிபெயர்த்துத்தான் தர வேண்டும். கிராஃப் கட்டவே குட்டி ரீடுகள் போதாது. ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் நீண்ட ரீடுகள் வேண்டும், அதற்குச் செலவு கூடுதல். ஆனால் பத்தாயிரம் பேருக்கு அது வேண்டியதில்லை. பரவலாகத் தேர்ந்தெடுத்த சில நூறு பேருக்குச் செய்து கிராஃப் கட்டிவிட்டால், ஏற்கெனவே இருக்கும் பத்தாயிரம் பேரின் குட்டி ரீடுகளை அதில் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

இந்த "மறுபடி ஒட்டுவது" நடக்க வேண்டும் என்றால் ஒரு நிபந்தனை. மாற்றங்களின் பட்டியல் மட்டும் போதாது, மூல ரீடுகள் பத்திரமாக இருக்க வேண்டும். பொருந்தாதவை மூலையில் கிடக்கும் ரீடுகள் உட்பட. ஸ்டோரேஜ் செலவு என்று சொல்லி முதலில் கழித்துக்கட்டப்படுவது இந்த மூலைதான். நா.வா. அச்சிட்டது ஒரு பாடத்தைத்தான். ஆனால் அந்தப் பாடத்தோடு அவர் போட்ட சண்டை மற்ற வடிவங்களும் அழியாமல் இருந்ததால் முடிந்தது.

ஆதிச்சநல்லூர் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாமிரபரணிக் கரைத் தாழிகளில் கிடைத்த எலும்புகள் மாதிரிப் பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ. கிடைத்தால் அது 30 முதல் 60 எழுத்துத் துணுக்குகளாகத்தான் கிடைக்கும், அதுவும் ஓரங்கள் அரித்துப்போய். மேலே சொன்ன 26 எழுத்துக் கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். ரெஃபரன்ஸ் சாய்வு மிக மோசமாகக் கடிக்கும் இடம் அது. பழந்தமிழர் யார் என்று அந்தத் துணுக்குகளை வைத்துத் தலைப்புச் செய்தி போடுவதற்கு முன், எந்த ரெஃபரன்ஸில், எந்த அலைனரில் ஒட்டினீர்கள் என்று கேட்கும் நிருபர் ஒருவராவது வேண்டும்.

பிராஜெக்ட் தேடுகிறவர்களுக்கு இதில் வேலை காத்திருக்கிறது, அதற்கு சூப்பர் கம்ப்யூட்டரும் வேண்டாம். 1000 ஜீனோம் திட்டத்தின் 30 மடங்கு, 150 எழுத்துத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. இலங்கைத் தமிழர் நூறு பேரின் 11-வது குரோமோசோமில் அந்த ஜீன் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் லேப்டாப்பில் அடங்கிவிடும். 4 சதவீதக் கணக்குப்படி நாலு பேரிடம் அந்த இழப்பு இருக்க வேண்டும். பி.டபிள்யூ.ஏ-மெமில் ஒட்டி, வால் மடிந்த ரீடுகளை எண்ணுங்கள். பிறகு இரண்டு பாதை உள்ள ஒரு குட்டி கிராஃப் கட்டி, ஜிராஃபில் ஒட்டி, மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினால் போதும். கடைசி செமஸ்டர் முழுக்க இன்னொரு வேகமான அலைனர் எழுதுகிறேன் என்று கிளம்பி, பௌடையைவிட நாலு மடங்கு மெதுவான ஒன்றைச் சமர்ப்பிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.